உபுண்டுவில் ஓடிய ஸ்கிரிப்ட் ராக்கியில் ஏன் தோற்றது?

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் இணையச் செயலியைக் கிளவுட் சர்வர்களில் நிறுவ ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். உபுண்டுவில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. புதிதாக வந்த வாடிக்கையாளர் ஒருவர் ராக்கி லினக்ஸ்தான் வேண்டும் என்கிறார். ‘ஆப்ட்-கெட்’ இருந்த இடங்களில் எல்லாம் ‘டிஎன்எஃப்’ என்று மாற்றினேன். சில பேக்கேஜ்கள் கிடைக்கவில்லை என்றது. அவற்றின் சரியான பெயர்களைத் தேடிப் போட்டேன். இப்போது ஸ்கிரிப்ட் ஒரு பிழையும் காட்டாமல் கடைசி வரி வரை போகிறது. ஆனால் பிரவுசரில் தளம் திறக்கவில்லை. இரண்டுமே லினக்ஸ்தானே, ஏன் இப்படி? ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனித்தனி ஸ்கிரிப்ட் எழுதுவதைத் தவிர வேறு வழி இல்லையா?

பதில்: நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். கேட்காமல் விட்ட மூன்றாவது ஒன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. மூன்றிலும் அதுதான் சுவையானது. ஒரு பிழையும் காட்டாத ஸ்கிரிப்ட் எப்படித் தோற்க முடியும்? அதற்கு விடை கிடைத்தால் மற்ற இரண்டும் தாமாகவே அவிழ்ந்துவிடும். வரிசையாகப் போவோம்.

‘இரண்டுமே லினக்ஸ்தானே’ என்பதிலிருந்து தொடங்கலாம். கறாராகச் சொன்னால், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் என்பது கெர்னல் மட்டும்தான். அதாவது நினைவகம், வட்டு, நெட்வொர்க் ஆகியவற்றைப் புரோகிராம்களுக்குப் பங்கிட்டுத் தரும் உட்பகுதி. அதை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் தளம் நடத்த முடியாது. ஷெல், நூலகங்கள், பின்னணிச் சேவைகள், அவற்றை நிறுவும் கருவி என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முழு இயங்குதளமாகக் கட்டித் தருவதற்கு டிஸ்ட்ரிபியூஷன் என்று பெயர், பேச்சில் ‘டிஸ்ட்ரோ’. டெபியன் 1993இல் பிறந்தது. அதிலிருந்து கிளைத்து 2004இல் உபுண்டு வந்தது. ரெட் ஹேட் வேறு குடும்பம். ஃபெடோரா, சென்ட்ஓஎஸ், ராக்கி, அல்மாலினக்ஸ் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். முப்பது ஆண்டுகளாக இந்த இரு குடும்பங்களும் ஒரே கெர்னலின் மேல் தத்தம் முடிவுகளைத் தாமே எடுத்து வந்திருக்கின்றன.

பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி சேசிஸை அனுப்பும். பாடி கட்டுவது வேறொரு பட்டறை. எஞ்சினும் கியரும் எங்கும் ஒன்றுதான். ஆனால் ‘இடமிருந்து மூன்றாவது சுவிட்சைப் போட்டால் கதவு திறக்கும்’ என்று ஒரு பட்டறையின் வண்டியைப் பார்த்து எழுதிய குறிப்பு, இன்னொரு பட்டறையின் வண்டியில் வைப்பரை ஓட்டிவிடும். நிறுவல் ஸ்கிரிப்ட் என்பது அப்படி ஒரு குறிப்பு. அது கெர்னலிடம் நேரடியாகப் பேசுவது மிகக் குறைவு. பேசுவதெல்லாம் டிஸ்ட்ரோ கட்டித் தந்த மேற்பகுதியோடுதான்.

அடுத்து, ‘வித்தியாசம் நிறுவும் கட்டளையில்தான் இருக்கிறது’ என்ற எண்ணம். இது பலருக்கும் உண்டு. நீங்களும் அங்கிருந்துதான் தொடங்கியிருக்கிறீர்கள். பேக்கேஜ் மேனேஜர், அதாவது மென்பொருளைச் சார்புகளோடு கொண்டுவந்து நிறுவும் கருவி, டெபியன் பக்கம் ஆப்ட், ரெட் ஹேட் பக்கம் டிஎன்எஃப். (பழைய ‘யம்’ கட்டளையின் இடத்துக்கு டிஎன்எஃப் 2015இல் ஃபெடோராவிலும் 2019இல் ரெட் ஹேட் 8இலும் வந்தது.) கண்ணில் முதலில் படுவது இந்த வேறுபாடுதான், மிகச் சிறியதும் இதுதான். உண்மையான வேறுபாடுகள் மூன்று அடுக்காக இருக்கின்றன: பெயர், இடம், வழக்கம்.

பெயர் அடுக்கை நீங்கள் ஏற்கெனவே சந்தித்துவிட்டீர்கள். அப்பாச்சி வெப் சர்வர் உபுண்டுவில் ‘அப்பாச்சி2’, ராக்கியில் ‘ஹெச்டிடிபிடி’. பைத்தான் நீட்சிகளைக் கம்பைல் செய்யத் தேவையான தலைப்புக் கோப்புகள் அங்கே ‘பைத்தான்3-டெவ்’, இங்கே ‘பைத்தான்3-டெவெல்’. அங்கே ‘லிப்எஸ்எஸ்எல்-டெவ்’, இங்கே ‘ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவெல்’. பேக்கேஜின் பெயர் சரியாக இருந்தும் சில நேரம் கிடைக்காது. அப்போது பெயரைச் சந்தேகிக்க வேண்டாம், ரெப்பாசிட்டரியைப் பாருங்கள். பேக்கேஜ்கள் வைக்கப்பட்டிருக்கும் சேமிப்புக்கு அதுதான் பெயர். ரெட் ஹேட் குடும்பத்தில் பல பேக்கேஜ்கள் அடிப்படைச் சேமிப்பில் இருக்காது. ஃபெடோரா திட்டத்தார் நடத்தும் ‘ஈபெல்’ என்ற கூடுதல் சேமிப்பை இயக்கினால்தான் கிடைக்கும். ராக்கி 8இல் ‘பவர்டூல்ஸ்’ என்றிருந்த சேமிப்பு ராக்கி 9இல் ‘சிஆர்பி’ ஆனது. ஆகவே ஒரே டிஸ்ட்ரோவின் இரண்டு பதிப்புகளுக்கு இடையிலும் பெயர் மாறும். ஆனாலும் இந்த அடுக்கு நல்ல அடுக்கு. தவறினால் உடனே சத்தம் போடும்.

இட அடுக்கு கொஞ்சம் தந்திரமானது. உபுண்டுவில் தளத்தின் அமைப்புக் கோப்பை ‘எட்சி/அப்பாச்சி2/சைட்ஸ்-அவெய்லபிள்’ டைரக்டரியில் வைத்து, ‘ஏ2என்சைட்’ என்ற கட்டளையால் இயக்குவார்கள். ராக்கியில் அப்படி ஒரு கட்டளையே கிடையாது. ‘எட்சி/ஹெச்டிடிபிடி/கான்ஃப்.டி’ டைரக்டரியில் ‘.கான்ஃப்’ என்று முடியும் கோப்பு எது இருந்தாலும் அப்பாச்சி எடுத்துக்கொள்ளும். வெப் சர்வர் எந்தப் பயனர் கணக்கில் ஓடுகிறது என்று பார்த்தால் அங்கே ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’, இங்கே ‘அப்பாச்சி’. நிர்வாக உரிமை தரும் குழு அங்கே ‘சூடோ’, இங்கே ‘வீல்’. இங்கே சத்தம் வரலாம், வராமலும் போகலாம். இல்லாத டைரக்டரிக்குக் கோப்பை நகலெடுத்தால் பிழை வரும். ஆனால் ‘இல்லையென்றால் உருவாக்கிக்கொள்’ என்று ஸ்கிரிப்டில் எழுதியிருந்தால், யாரும் படிக்காத ஓர் இடத்தில் உங்கள் கோப்பு பத்திரமாகப் போய் உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது அடுக்கு வழக்கம். உங்கள் தளம் திறக்காததற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். நிறுவி முடித்ததும் கேட்காமலேயே இயங்குதளம் என்ன செய்கிறது, எதைச் செய்யாமல் விடுகிறது என்பதுதான் வழக்கம். இது எந்தக் கட்டளையிலும் எழுதியிருக்காது. அதனால்தான் ஸ்கிரிப்டை வரிக்கு வரி மொழிமாற்றம் செய்பவர் கண்ணில் படுவதில்லை. உங்கள் சர்வரில் மூன்று இடங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

ஒன்று, அப்பாச்சி ஓடுகிறதா? டெபியன் குடும்பத்தில் ஒரு சேவையை நிறுவினால் அது அப்போதே தொடங்கிவிடும். சர்வர் மறுபடி கிளம்பும்போதும் தானாக எழும். ரெட் ஹேட் குடும்பத்தின் பொதுவான வழக்கம் நேர்மாறு: நிறுவுவது வேறு, தொடங்குவது வேறு; நிர்வாகி சொன்னால்தான் தொடங்கும். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. நிறுவியவர் பயன்படுத்தத்தானே நிறுவினார் என்பது ஒரு கட்சி. அமைப்பைச் சரிபார்க்காமல் ஒரு சேவையை வெளியுலகத்துக்குத் திறந்துவிடலாமா என்பது மறு கட்சி. உங்கள் உபுண்டு ஸ்கிரிப்டில் ‘தொடங்கு’ என்ற வரி இல்லை என்று நினைக்கிறேன். அங்கே அது தேவைப்பட்டிருக்காது. ‘சிஸ்டம்சிடிஎல்’ கட்டளையைக் கொண்டு ‘ஹெச்டிடிபிடி’ சேவையின் நிலையைக் கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

இரண்டு, வாசல் திறந்திருக்கிறதா? உபுண்டுவில் ‘யுஎஃப்டபிள்யூ’ என்ற ஃபயர்வால் இருந்தாலும் யாராவது இயக்கும்வரை தூங்கிக்கொண்டிருக்கும். ராக்கியின் வழக்கமான நிறுவலில் ‘ஃபயர்வால்டி’ விழித்தே இருக்கும். சொன்னால் ஒழிய 80, 443 போர்ட்டுகளைத் திறக்காது. அதே சமயம், சில கிளவுட் இமேஜ்களில், அதாவது சர்வரை உருவாக்கப் பயன்படும் ஆயத்த வட்டுப் பிரதிகளில், ஃபயர்வால்டி இருக்கவே இருக்காது. கிளவுட் நிறுவனத்தின் சொந்தத் தடுப்பே போதும் என்று விட்டிருப்பார்கள். ஆகவே ‘ராக்கி என்றால் ஃபயர்வால்டி’ என்று ஸ்கிரிப்டில் எழுதிவிடாதீர்கள். அது ஓடுகிறதா என்று கேட்டு, ஓடினால் மட்டும் போர்ட்டைத் திறக்கச் சொல்லுங்கள். கிளவுட் நிறுவனத்தின் பலகத்தில் அந்தப் போர்ட்டுகள் திறந்திருக்கின்றனவா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூன்று, எஸ்இ-லினக்ஸ். ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு முத்திரை ஒட்டி, எந்த முத்திரை எதைத் தொடலாம் என்று தனியாக ஒரு விதிப்பட்டியல் வைத்திருக்கும் காவல் ஏற்பாடு இது. வழக்கமான கோப்பு அனுமதிகள் எல்லாம் சரியாக இருந்தாலும் இது மறுக்கலாம். உபுண்டுவில் இந்த வேலைக்கு ‘ஆப்ஆர்மர்’ இருக்கிறது. வழிமுறையும் வேறு, எதைக் காவல் காக்கிறது என்பதும் வேறு. ராக்கியில் அப்பாச்சி வந்த கோரிக்கையை வாங்கி, பின்னால் 8000ஆம் போர்ட்டில் ஓடும் உங்கள் செயலிக்கு அனுப்ப முயன்றால், எஸ்இ-லினக்ஸ் தடுக்கும். ‘ஹெச்டிடிபிடி நெட்வொர்க்கில் இணையலாம்’ என்ற அனுமதிச் சுவிட்சை நிரந்தரமாகப் போட்டால்தான் வழிவிடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஹோம் டைரக்டரியில் வைத்திருந்த கோப்பைத் தளத்தின் டைரக்டரிக்கு ‘எம்வி’ கட்டளையால் நகர்த்தினால், பழைய முத்திரையோடேயே போய்விடும்; அப்பாச்சியால் படிக்க முடியாது. அதே கோப்பை ‘சிபி’ கட்டளையால் நகலெடுத்தால் புதிய இடத்துக்கு உரிய முத்திரை கிடைத்துவிடும். ‘ரெஸ்டோர்கான்’ கட்டளை முத்திரைகளைச் சரிசெய்து தரும். ‘எஸ்இ-லினக்ஸை அணைத்துவிடுங்கள்’ என்று அறிவுரை சொல்ல ஆள் நிறைய உண்டு. வாடிக்கையாளரின் சர்வரில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ராக்கியைக் கேட்டு வாங்குபவர்களில் பலர் அந்தக் காவலுக்காகவே கேட்கிறார்கள்.

ஆக, ஸ்கிரிப்ட் பொய் சொல்லவில்லை. நீங்கள் எழுதிய வேலைகள் எல்லாம் நடந்தன. உபுண்டு இலவசமாகச் செய்துகொடுத்த வேலைகளை நீங்கள் எழுதவே இல்லை. ராக்கி அவற்றைச் செய்யவில்லை. இதிலிருந்து முதல் விதி பிறக்கிறது: இயங்குதளம் தானாகச் செய்வதையும் ஸ்கிரிப்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அமைப்புக் கோப்பை வை, சேவையை இயக்கு, மறுதொடக்கம் செய் என்று மூன்றையும் எழுதினால் இரண்டு குடும்பங்களிலும் ஒரே முடிவு வரும். உபுண்டுவிலும் இது வீண் இல்லை. அங்கே நிறுவியவுடனே அப்பாச்சி தன் சொந்த அமைப்போடு எழுந்துவிட்டிருக்கும். மறுதொடக்கம் செய்தால்தான் உங்கள் அமைப்பு உறுதியாக நடைமுறைக்கு வரும்.

இனி எழுதும் முறைக்கு வருவோம். ஸ்கிரிப்ட் தான் எந்த இயங்குதளத்தில் நிற்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ‘யூநேம்’ கட்டளையைக் கேட்பவர்கள் உண்டு. அது கெர்னலின் பெயரைத்தான் சொல்லும். ‘லினக்ஸ்’ என்று பதில் வரும், நமக்கு அதுவா தெரியாது? கன்டெய்னருக்குள், அதாவது சர்வரின் கெர்னலையே பகிர்ந்துகொண்டு செயலியைத் தனியே ஓட்டும் பெட்டிக்குள், நின்று கெர்னல் பதிப்பைக் கேட்டால் வெளியே இருக்கும் சர்வரின் பதிப்பைச் சொல்லும். கேட்க வேண்டிய இடம் ‘எட்சி’ டைரக்டரியில் உள்ள ‘ஓஎஸ்-ரிலீஸ்’ கோப்பு. 2012 வாக்கில், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி மென்பொருளின் திட்டத்தார் இதைப் பொதுவாக்குவதற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் தன் அடையாளத்தை ஒவ்வொரு கோப்பில் எழுதி வைத்திருந்தது. இன்று ஏறத்தாழ எல்லா டிஸ்ட்ரோவிலும் இந்தக் கோப்பு உண்டு. ஷெல் மாறிகளின் வடிவத்திலேயே எழுதப்பட்டிருப்பதால் ஸ்கிரிப்டுக்குள் நேரடியாக ஏற்றிக்கொள்ளலாம்.

அதில் மூன்று வரிகள் நமக்கு முக்கியம். ‘ஐடி’ என்பது டிஸ்ட்ரோவின் பெயர். ‘ஐடி-லைக்’ என்பது அதன் சொந்தபந்தம். ‘வெர்ஷன்-ஐடி’ என்பது பதிப்பு எண். உபுண்டுவின் ‘ஐடி-லைக்’ வரியில் டெபியன் என்று இருக்கும். ராக்கியின் அதே வரியில் ரெட் ஹேட், சென்ட்ஓஎஸ், ஃபெடோரா மூன்றும் இருக்கும். குடும்பத்தைத் தெரிந்துகொள்ள இந்த இரண்டாவது வரியையும் படிப்பது எவ்வளவு பயன் என்பதற்கு ஒரு கதை போதும். சென்ட்ஓஎஸ் 8க்கு 2029 வரை ஆதரவு இருக்கும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. 2021 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. பலரும் ராக்கிக்கும் அல்மாலினக்ஸுக்கும் மாறினார்கள். ‘ஐடி என்பது சென்ட்ஓஎஸ் ஆக இருந்தால்’ என்று மட்டும் எழுதியிருந்த ஸ்கிரிப்டுகள், கிட்டத்தட்ட எல்லாமே அப்படியே இருந்த புதிய சர்வர்களில் ‘எனக்குத் தெரியாத இயங்குதளம்’ என்று கைவிரித்தன. குடும்பத்தைக் கேட்டிருந்தவை எப்போதும்போல் ஓடின.

பதிப்பு எண்ணில் ஒரு சின்னக் கண்ணி. ஷெல் அதைச் சொல்லாக ஒப்பிட்டால் 10 என்பது 9ஐவிடச் சிறியதாகிவிடும். முதல் எழுத்து 1 அல்லவா? பதிப்புகளை வரிசைப்படுத்தத் தெரிந்த ‘சார்ட்’ கட்டளையின் ‘வி’ விருப்பத்தைப் பயன்படுத்துங்கள், அல்லது முதன்மை எண்ணை மட்டும் பிரித்தெடுத்து எண்ணாக ஒப்பிடுங்கள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி: தனித்தனி ஸ்கிரிப்டா? வேண்டாம். இரண்டு ஸ்கிரிப்டுகள் இருந்தால் ஆறு மாதத்தில் ஒன்றில் செய்த திருத்தம் மற்றதில் இருக்காது. அதற்காக ஒரே ஸ்கிரிப்டில் வரிக்கு வரி ‘உபுண்டு என்றால் இது, ராக்கி என்றால் அது’ என்று எழுதுவதும் தீர்வாகாது. மூன்றாவது இயங்குதளம் வரும்போது அதை யாராலும் படிக்க முடியாது. நடுவழி ஒன்று உண்டு. இயங்குதளம் எது என்ற கேள்வியை ஒரே ஓர் இடத்தில் கேளுங்கள். அந்தப் பதிலை உங்கள் ஸ்கிரிப்டின் சொந்தச் சொற்களாக மாற்றிவையுங்கள். மற்ற வரிகள் எல்லாம் அந்தச் சொற்களை மட்டுமே பேசட்டும்.

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த ஓர் உதாரணம் ஓப்பன்ஸ்டாக். நாசாவும் ராக்ஸ்பேஸும் சேர்ந்து 2010இல் தொடங்கிய திறந்த மூல கிளவுட் மென்பொருள் அது. மேம்பாட்டாளர்கள் அதை ஒரு சர்வரில் நிறுவிப் பார்ப்பதற்கென்றே ‘டெவ்ஸ்டாக்’ என்ற ஷெல் ஸ்கிரிப்டுகளின் தொகுப்பு இருக்கிறது. திறந்து படித்தால் ஒரு பாடப்புத்தகத்துக்குச் சமம். பேக்கேஜ் பெயர்கள் ஸ்கிரிப்டுக்குள் இருக்காது. ‘டெப்ஸ்’ என்ற டைரக்டரியில் டெபியன் குடும்பத்துக்கான பட்டியல்கள், ‘ஆர்பிஎம்ஸ்’ என்ற டைரக்டரியில் ரெட் ஹேட் குடும்பத்துக்கானவை. ஸ்கிரிப்ட் ‘இன்ஸ்டால்-பேக்கேஜ்’ என்ற தன் சொந்தக் கட்டளையை மட்டும் அழைக்கும். ஆப்டா டிஎன்எஃபா என்பது அந்தக் கட்டளையின் வயிற்றுக்குள் முடிவாகும். அப்பாச்சியின் பெயர் ‘அப்பாச்சி-நேம்’ என்ற மாறியில் ஒருமுறை வைக்கப்படும். தளத்தை இயக்க ஒரே சொந்தக் கட்டளை. உபுண்டுவில் அது ‘ஏ2என்சைட்’டை அழைக்கும். ரெட் ஹேட் பக்கம் அப்படி ஒன்று இல்லை என்பதால், முதலில் ‘.டிசேபிள்ட்’ என்ற வாலோடு வைத்த கோப்பின் வாலை நறுக்கிவிடும். அழைப்பவருக்கு இரண்டும் ஒரே சொல்தான்.

அந்தத் தொகுப்பில் சிரிக்கவும் கொஞ்சம் உண்டு. ‘இது உபுண்டுவா’ என்று கேட்கும் கட்டளை டெபியனிலும் ‘ஆம்’ என்றுதான் சொல்லும். உள்ளே அது பார்ப்பது பேக்கேஜ் வடிவம் ‘டெப்’தானா என்பதை மட்டுமே. ‘இது ஃபெடோராவா’ என்ற கட்டளையிலோ டிஸ்ட்ரோ பெயர்களின் நீண்ட பட்டியல். அதில் ரெட் ஹேட் மட்டும் பல எழுத்துக்கூட்டல்களில் வருகிறது. பிறகு பிறந்த ராக்கி, அல்மாலினக்ஸ் பெயர்களையும் அதில் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தன்மையைக் கேட்ட கட்டளை சின்னதாகவே இருக்கிறது. பெயரைக் கேட்ட கட்டளை ஒவ்வொரு புது வரவுக்கும் நீள்கிறது.

இரண்டாவது விதி இதுவே: எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ அதையே கேளுங்கள். எஸ்இ-லினக்ஸ் இயங்குகிறதா என்பதற்கு இயங்குதளத்தின் பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம். ‘செலினக்ஸ்-எனேபிள்ட்’ என்றே ஒரு கட்டளை இருக்கிறது. பிராசஸர் வகையும் அப்படித்தான்: இன்டெல், ஏஎம்டி சர்வர்களை ‘யூநேம்’ ஒரு பெயரில் சொல்லும், டெபியனின் பேக்கேஜ் கருவி வேறு பெயரில் சொல்லும்; எந்தக் கோப்பை இறக்கப் போகிறீர்களோ அதன் பெயரில் உள்ள வழக்கைப் பின்பற்றுங்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு. பேக்கேஜ் மேனேஜரை மட்டும் ‘டிஎன்எஃப் கட்டளை இருக்கிறதா’ என்று பார்த்து முடிவுசெய்யாதீர்கள். டெபியன் சர்வரிலும் அதை நிறுவி வைத்திருக்க முடியும். அங்கே குடும்பத்தைக் கேட்பதுதான் சரி.

இயங்குதள வேறுபாடு போலத் தோன்றி, உண்மையில் ஷெல்லின் வேலையாக இருக்கும் சிக்கல்களும் உண்டு. ஸ்கிரிப்டின் முதல் வரியில் ‘எஸ்ஹெச்’ என்று போட்டுவிட்டு உள்ளே பேஷ் ஷெல்லின் வசதிகளை எழுதினால், ராக்கியில் ஓடும், உபுண்டுவில் நிற்கும். ராக்கியில் ‘எஸ்ஹெச்’ என்பதே பேஷ்தான். உபுண்டுவில் 2006இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து அது ‘டேஷ்’ என்ற சிறிய, வேகமான ஷெல். அது பேஷின் அரேக்களையும் இரட்டைச் சதுர அடைப்புகளையும் அறியாது. பேஷ் வேண்டுமென்றால் முதல் வரியிலேயே பேஷ் என்று சொல்லிவிடுங்கள்.

சர்வர் முதன்முறை எழும்போது உங்கள் ஸ்கிரிப்டை ஓட்டித் தருவது பெரும்பாலும் ‘கிளவுட்-இனிட்’ என்ற கருவி. உபுண்டுவில் பிறந்து இன்று ஏறத்தாழ எல்லா கிளவுட் இமேஜ்களிலும் இருக்கிறது. அங்கே எதிரில் மனிதர் யாரும் இல்லை என்பதை மறக்க வேண்டாம். ‘சரியா?’ என்று கேட்கும் பேக்கேஜ் பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். டெபியன் பக்கம் அதைத் தவிர்க்க ‘டெபியன்-ஃபிரன்ட்எண்ட்’ என்ற மாறியில் ‘நான்இன்டராக்டிவ்’ என்று வைப்பார்கள். ஆனால் அதைத் தனியே ஏற்றுமதி செய்துவிட்டு ‘சூடோ’வோடு கட்டளையை ஓட்டினால் சூடோ வழக்கமாக அந்த மாறியைக் களைந்துவிடும். மாறியைச் சூடோவுக்குப் பிறகு, அதே வரியில் எழுத வேண்டும். புதிதாக எழுந்த உபுண்டு சர்வரில் தானியங்கிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருந்தால் ஆப்ட் பூட்டியிருக்கும். பூட்டு திறக்கும்வரை காத்திருக்கச் சொல்லும் விருப்பம் ஆப்ட்-கெட்டில் உண்டு. ஸ்கிரிப்டில் ‘ஆப்ட்’டைவிட ‘ஆப்ட்-கெட்’ நல்லது. ஆப்ட் மனிதர்கள் பார்ப்பதற்கானது, அதன் வெளியீடு பதிப்புக்குப் பதிப்பு மாறலாம் என்று அதுவே எச்சரிக்கும்.

‘ஆன்சிபிள் போன்ற சர்வர் அமைப்புக் கருவிக்கு மாறிவிட்டால் இந்தத் தலைவலி தீருமா’ என்று அடுத்துக் கேட்பீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பாதி தீரும். சர்வர் எந்தக் குடும்பம் என்று அது கண்டுபிடித்துத் தரும்; எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே நிலையில் கொண்டுபோய் நிறுத்தவும் பெரிதும் உதவும். ஆனால் அதன் பொதுவான ‘பேக்கேஜ்’ கட்டளை ஆப்டையும் டிஎன்எஃபையும் தேர்ந்தெடுக்குமே தவிர, ‘அப்பாச்சி2’ என்ற பெயரை ‘ஹெச்டிடிபிடி’ என்று மாற்றித் தராது. அந்தப் பெயர்ப் பட்டியலை அங்கேயும் நீங்கள்தான் எழுத வேண்டும். கன்டெய்னர் இன்னும் அதிகம் உதவும். செயலியின் சார்புகள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ஆனாலும் கன்டெய்னரை ஓட்டும் மென்பொருளை நிறுவுவது, தொடங்குவது, ஃபயர்வாலைத் திறப்பது எல்லாம் வெளியே இருக்கும் சர்வரில்தான். மூன்று அடுக்குகளில் முதல் இரண்டும் மெலியும். வழக்க அடுக்கு அப்படியே இருக்கும்.

இதே காரணத்தால், ஸ்கிரிப்டைச் சோதிக்கக் கன்டெய்னரை மட்டும் நம்பாதீர்கள். பெயர்கள் சரியா என்று பார்க்க அது போதும். ஆனால் சாதாரணக் கன்டெய்னருக்குள் சிஸ்டம்டி ஓடாது, தனி ஃபயர்வால் இருக்காது, எஸ்இ-லினக்ஸும் சர்வரில் நடப்பதுபோல் நடக்காது. உங்களைச் சிக்க வைத்த மூன்றுமே அங்கே கண்ணில் படாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புத்தம்புது சர்வரை எழுப்பி, ஸ்கிரிப்டை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் முறையும் அதே நிலையில் வந்து நிற்க வேண்டும். ஏதாவது ஒரு கட்டளை தோற்றால் அங்கேயே நிற்கும்படி பேஷுக்கு ‘செட்-ஈ’ சொல்லிவையுங்கள். கடைசி வேலையாக வெளியிலிருந்து ‘கர்ல்’ கட்டளையால் தளத்தைத் திறக்கச் செய்து, 200 என்ற பதில் வந்தால் மட்டும் ‘முடிந்தது’ என்று அச்சிடுங்கள். கடைசி வரியை எட்டியதற்கும் தளம் திறந்ததற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது உங்களுக்கு இப்போது நன்றாகவே தெரியும்.

எத்தனை இயங்குதளங்களை ஆதரிப்பது என்பதையும் இப்போதே முடிவுசெய்துவிடுங்கள். இரண்டு குடும்பங்கள், ஒவ்வொன்றிலும் ஆதரவு முடியாத ஒன்றிரண்டு பதிப்புகள். சிறிய நிறுவனத்துக்கு அது போதும். சோதிக்க முடியாத எதையும் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அடுத்த வாடிக்கையாளர் ஆல்பைன் லினக்ஸோடு வரலாம். அங்கே சிஸ்டம்டி இல்லை, அடிப்படை நிறுவலில் பேஷ் இல்லை, சி நூலகம்கூட வேறு. அதற்காக இன்றே வரிகளைச் சேர்த்துவைக்க வேண்டியதில்லை. டெவ்ஸ்டாக் இதிலும் நல்ல முன்மாதிரி. தன் பட்டியலில் இல்லாத இயங்குதளத்தைப் பார்த்தால், ‘இங்கே என்னைச் சோதித்ததில்லை’ என்று சொல்லி எதையும் தொடாமல் தொடக்கத்திலேயே நின்றுவிடும். பிடிவாதம் உள்ளவர் ‘ஃபோர்ஸ்’ என்ற மாறியில் ‘யெஸ்’ என்று எழுதித் தன் பொறுப்பில் ஓட்டிக்கொள்ளலாம். உங்கள் ஸ்கிரிப்டிலும் அந்தச் சோதனையை முதலில் எழுதுங்கள். பாதி நிறுவிவிட்டு நிற்கும் ஸ்கிரிப்டைச் சுத்தம் செய்ய ஒரு நாள் ஆகும். வாசலிலேயே காரணத்தைச் சொல்லி நின்ற ஸ்கிரிப்டுக்கு ஒரு மின்னஞ்சல் போதும்.